பட்டாசுச் சத்தமும் வாயில்லா ஜீவன்களும்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் 'நாயைக் காணவில்லை' என்னும் அறிவிப்புகள் நம் குடியிருப்புப் பகுதிகளில் வரத் தொடங்கிவிடும். முன்பு மளிகைக் கடைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டினார்கள். இன்று புலனக் குழுக்களில் படத்துடன் சுற்றி வருகின்றன. ஐந்து ஆண்டுகள், எட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வளர்ந்து, வாயிற்கதவு திறந்து கிடந்தாலும் படி தாண்டாத நாய் ஒரே இரவில் எப்படிக் காணாமற் போகிறது? திருடனைக் கண்டால் பாய்கிற நாய், அடுத்த வீட்டுச் சிறுவன் கொளுத்திய சரவெடிக்கு ஏன் அரண்டு ஓடுகிறது? இதற்கு விடை தெரிந்துகொண்டால், அதைக் காப்பாற்றும் வழியும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் சத்தத்திற்குப் பஞ்சமில்லை. ஆங்கிலப் புத்தாண்டு நள்ளிரவின் வாணவேடிக்கை, தைப்பூசத்தின் உறுமி மேளம், சீனப் புத்தாண்டின் பதினைந்து நாட்கள், நோன்புப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. பினாங்கில் வாழ்வோருக்குச் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் ஒன்பதாம் நாள். ஹொக்கியன் மக்கள் வணங்கும் வானுலகப் பேரரசரின் பிறந்த நாள். அதை வரவேற்று நள்ளிரவில் அவர்கள் கொளுத்தும் வெடி புத்தாண்டுப் பிறப்பன்று கேட்பதைவிடப் பலமாக இருக்கும். இவற்றுக்கு இடையில் மழைக்கால இடி வேறு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு மலேசியாவில் கட்டுப்பாடு இறுகியது. சிங்கப்பூரில் 1972-லேயே தனியார் பட்டாசு கொளுத்துவதற்கு முற்றாகத் தடை வந்துவிட்டது. அங்கே நம் அன்பர்களின் நாய்களுக்கு இடியும், அரசு விழாக்களின் வாணவேடிக்கையும்தான் கவலை. இங்கேயோ கட்டுப்பாடும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. ஆகையால் பட்டாசு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, சத்தம் வரத்தான் போகிறது என்ற எண்ணத்தோடு ஆயத்தமாவதே அறிவுடைமை.

அதன் காதில் விழுவது வேறு

மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் உணரும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரையிலும், பூனையின் காது 60,000-க்கு மேலும் உணரக்கூடியது. நமக்கு எட்டாத மெல்லிய கீச்சொலியும் அவற்றுக்கு எட்டிவிடும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நெடுநேரம் கேட்டால் மனிதக் காதுக்கே கேடு என்பார்கள். அருகில் வெடிக்கும் பெரிய பட்டாசு 140 டெசிபலையும் தாண்டும்.

ஆனால் சத்தத்தின் அளவு மட்டும் காரணமன்று. நமக்கு இன்று தீபாவளி என்று தெரியும். திரி எரிவது தெரியும். எப்போது வெடிக்கும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். நாய்க்கு இவற்றுள் எதுவும் தெரியாது. எந்தத் திசையிலிருந்து, எப்போது, எதற்காக என்று புரியாமல் வானமே இடிந்து விழுகிறது. கூடவே கண்ணைப் பறிக்கும் ஒளி, மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி. இதயம் படபடக்கிறது; உடல் முழுவதும் 'ஓடு' என்ற ஒரே கட்டளைக்கு ஆட்படுகிறது. அந்த நிலையில் நாய்க்கு வீடும் தெரியாது, எசமானரின் குரலும் கேட்காது. மூன்றடிச் சுவரை ஒருநாளும் தாண்டியிராத நாய் ஆறடி வேலியைத் தாண்டுவதும், கண்ணாடிக் கதவில் மோதுவதும், நெடுஞ்சாலையின் குறுக்கே பாய்வதும் அப்போதுதான்.

ஓடுவதற்கு வெகு முன்பே அது நமக்குச் சொல்லிவிடுகிறது. வெயில் இல்லாமலேயே மூச்சிரைக்கும், எச்சில் வழியும், காதுகள் பின்னால் மடியும், வால் கால்களுக்கிடையே போகும், உறக்கம் வராமலேயே கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், பிடித்த இறைச்சியை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. இந்தக் கொட்டாவியைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, 'பாருங்கள், அதற்குக் கவலையே இல்லை, தூக்கம் வருகிறது' என்பார்கள். அது தூக்கமன்று, கலக்கம்.

பழக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

'பட்டாசு போடும் இடத்திலேயே கட்டிப் போடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்' என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இது முற்றிலும் தவறு. தப்பிக்க வழியின்றிக் கட்டுண்டு கிடக்கும் விலங்குக்கு அச்சம் குறைவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. பட்டாசுக்கு அஞ்சிய நாய் பிறகு இடிக்கு அஞ்சும். அதன் பிறகு கதவு படார் என்று சாத்தப்பட்டாலே நடுங்கும். சங்கிலியில் கட்டிய நாய் பாய்ந்து பாய்ந்து கழுத்தை இறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பண்டிகை இரவில் சங்கிலி கூடவே கூடாது.

இன்னொரு தவறான எண்ணம் படித்தவர்களிடத்திலும் இருக்கிறது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் அந்தப் பயத்திற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும், ஆகவே கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது. ஒரு காலத்தில் நாய் பழக்கும் நூல்களே இப்படி எழுதின. இன்றைய விலங்கு நடத்தை நிபுணர்கள் இதை ஏற்பதில்லை. அச்சம் என்பது நாய் வேண்டுமென்றே செய்யும் குறும்பன்று, அது ஓர் உணர்ச்சி. இடிக்குப் பயந்து மடியில் வந்து ஒளியும் பிள்ளையை அணைத்துக்கொண்டால் அடுத்த இடிக்கு அது கூடுதலாகவா பயப்படும்? நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் அமைதியாகத் தடவிக்கொடுங்கள். விலகிச் சென்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒளிய இடம் கிடைப்பதே அதற்குப் பாதி மருந்து. அதட்டுவதும், 'இவ்வளவு பெரிய நாய்க்கு இவ்வளவு பயமா' என்று கேலி செய்து இழுத்து வருவதும் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம்.

எங்கே வைப்பது?

இது நம்மவர் வீடுகளுக்கே உரிய சிக்கல். பெரும்பாலோர் காவலுக்காகவே நாய் வளர்க்கிறோம். அது வாகனம் நிறுத்தும் முற்றத்திலோ கொல்லையிலோ இருக்கும். பூசையறை உள்ள வீட்டுக்குள் நாயை விடக்கூடாது என்ற ஆசாரம் பலர் இல்லங்களில் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பைரவருக்கு வாகனமாக நம் கோயில்களில் நிற்பதும் நாய்தான்; தருமர் சொர்க்கத்தின் வாயிலில் கைவிட மறுத்ததாக மகாபாரதம் சொல்வதும் ஒரு நாயைத்தான். ஓரிரண்டு இரவுகளுக்குப் பூசையறைப் பக்கம் வராதவாறு கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டிலோ துணி மடிக்கும் அறையிலோ அதற்கு இடம் கொடுப்பதால் எந்த ஆசாரமும் கெட்டுவிடாது என்பது என் கருத்து.

தெருவுக்கு எட்டத்தில், சன்னல் குறைவாக உள்ள அறையே சிறந்தது. தொடர் வீடுகளில் பெரும்பாலும் அது நடு அறையாகவோ குளியலறையாகவோ இருக்கும். திரைச்சீலையை இழுத்து மூடி விளக்கை எரியவிட்டால், வெளியே பளிச்சிடும் ஒளி தனியாகத் தெரியாது. மேசைமேல் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் குகை போல ஆகிவிடும். வீட்டாரின் வாடையுள்ள பழைய கைலியையோ சட்டையையோ அதனுள் போட்டு வையுங்கள். இந்த இடத்தைப் பண்டிகைக்கு முதல்நாள் மாலை காட்டினால் பயனில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அங்கே உணவு வைத்து, அது நல்ல இடம் என்று நாயே முடிவு செய்யும்படி விட வேண்டும்.

மேல்நாட்டு நூல்களில் 'எல்லாச் சன்னல்களையும் இறுக மூடுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். அவர்களுடைய குளிருக்கு அது பொருந்தும். நம் ஊர் வெப்பத்தில், தகரக் கூரை போட்ட சாமான் அறைக்குள் நாயை அடைத்து எல்லாவற்றையும் மூடினால், பட்டாசு கொல்லாததை வெப்பம் கொன்றுவிடும். அச்சத்தில் ஏற்கெனவே மூச்சிரைக்கிற விலங்கு அது. நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்த்துச் சூடு தணியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே காற்றாடியோ குளிர்சாதனமோ ஓடட்டும். தாராளமாகத் தண்ணீர் இருக்கட்டும். காற்றாடியின் ஒரே சீரான ஓசை வெளிச் சத்தத்தைச் சற்று மழுங்கடிக்கவும் செய்யும். தொலைக்காட்சியையோ வானொலியையோ வழக்கமான அளவில் வைக்கலாம். வெடியை மறைக்க வேண்டும் என்று தவில் கச்சேரியை முழு அளவில் வைத்துவிட வேண்டாம்!

வாயிற்கதவில் ஒருவர்

காணாமற் போகும் நாய்கள் எல்லாம் சுவர் தாண்டிப் போவதில்லை. பல வாயிற்கதவு வழியாகவே போகின்றன. தீபாவளியன்று நம் வீடுகளில் திறந்த இல்ல உபசரிப்பு. காலை முதல் இரவு வரை உறவினர் வருகிறார்கள், நண்பர்கள் வருகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். கதவைச் சாத்த ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. நாய் இருக்கும் அறையின் கதவில் 'திறக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பொறுப்பான ஒருவர் அந்தக் கதவைக் கவனித்துக்கொள்ளட்டும்.

கழுத்துப்பட்டையும் தொலைபேசி எண் பொறித்த வில்லையும் அன்று அவசியம். ஊராட்சி மன்றத்தின் உரிம வில்லை இருந்தால் அதையும் மாட்டிவிடுங்கள். உரிமம் எடுக்காமல் காலம் கடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெருவில் பிடிபடும் நாயை மன்றத்தார் சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள். உரியவர் வராவிட்டால் அதன் கதி என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. கழுத்துப்பட்டை கழன்று விழலாம். தோலுக்கு அடியில் வைக்கும் அரிசிமணி அளவுள்ள நுண்சில்லு கழலாது. கால்நடை மருத்துவர் ஊசி போடுவது போலப் போட்டுவிடுவார். ஆனால் அதில் பதிவான தொலைபேசி எண் பழையதாக இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மிரண்ட நாய் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அவர்களுக்கும் சங்கடம், நாய்க்கும் ஆபத்து. முன்கூட்டியே சொல்லி எண்ணைக் கொடுத்திருந்தால், கம்பை எடுப்பதற்கு முன் உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

அந்த இரவில்

பகலிலேயே நாயை நன்றாக நடக்கவிட்டு, பொழுது சாய்வதற்குள் உணவு கொடுத்து, மலசலம் கழிக்க வைத்துவிடுங்கள். இருட்டிய பிறகு வெளியே கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், வேலி அடைத்த வளாகத்திற்குள்ளும் கயிற்றைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

வெடிச் சத்தம் கேட்டவுடன் நாய்க்கு மிகவும் பிடித்த தின்பண்டம் ஒரு துண்டு. அவித்த கோழியிறைச்சி போதும், மசாலா வேண்டாம். சத்தம், உடனே ஒரு துண்டு. சத்தம், உடனே ஒரு துண்டு. வரிசை மாறக்கூடாது. இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர், ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கையாண்டவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகக் கூறியிருந்தனர். நாய் தின்ன மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அதன் அச்சம் உணவின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது செய்யக்கூடியது அருகில் உட்கார்ந்திருப்பது ஒன்றே. குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து அந்த இரவு நாயுடன் இருப்பது நல்லது. நாயைத் தனியே விட்டுவிட்டு எல்லாரும் உறவினர் வீட்டுக்குப் புறப்படுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

பூனை, பறவை முதலியன

பூனை வளர்ப்போர் பெரும்பாலும் 'அது பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுகிறார்கள். பூனை சத்தம் போடாமல் பயப்படும் விலங்கு. வாகன எஞ்சினுக்குள்ளும் வடிகாலுக்குள்ளும் போய் ஒளிந்து, மறுநாள் எஞ்சின் முடுக்கப்படும்போது அடிபடுவதுண்டு. மாலை ஐந்து மணிக்கே உணவைக் காட்டி உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். மணல் தட்டு ஒன்று வையுங்கள். அலமாரியின் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் அங்கேயே இருக்கட்டும்.

கூண்டுப் பறவைகளை நடு வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று பக்கம் கனத்த துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விட வேண்டும். கும்மிருட்டில் வைக்கக் கூடாது. இருட்டில் மிரண்ட பறவை கூண்டுக்குள் அடித்துக்கொண்டு சிறகை முறித்துக்கொள்ளும். சிறு விளக்கு ஒன்று எரிந்தால் கம்பு இருக்கும் இடம் தெரியும். முயல் அச்சத்தினாலேயே உயிர்விடக்கூடியது. ஆகவே அதன் பெட்டியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு நிறைய உலர்ந்த புல்லைப் போட்டு வையுங்கள். கொல்லையில் கோழி வளர்ப்போர் இருட்டும் முன் அடைத்துவிட வேண்டும். மாடு வைத்திருப்போர் முள்வேலிக்கு அருகில் அவற்றைக் கட்டாதிருப்பதும், சினைமாட்டைத் தொழுவத்தின் உட்புறம் மாற்றுவதும் நலம்.

மருந்து பற்றி

வீட்டில் இருக்கும் இருமல் மருந்தைக் கொடுத்துத் தூங்க வைக்கலாமா, அரை மாத்திரை பனடோல் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. பனடோலில் உள்ள பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைப் போக்கப் போதுமானது. பீர் ஊற்றிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கால்நடை மருத்துவர் தரும் மருந்திலும் வேறுபாடு உண்டு. நெடுங்காலம் பயன்பட்டு வந்த அசெப்ரோமசின் என்னும் மருந்து உடலைத் தளர்த்திவிடும், ஆனால் அச்சத்தைத் தணிக்காது. நாய் அசையாமல் கிடப்பதைப் பார்த்து நாம் நிம்மதி அடைவோம். அதுவோ ஓடவும் முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும். இதனால் சத்தத்திற்காக அதை மட்டும் கொடுப்பதை இன்று மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். டிராசோடோன், காபாபென்டின் போன்று கலக்கத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்தானாலும் மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும். பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே ஒருமுறை கொடுத்துப் பார்த்து, நாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெடி தொடங்குவதற்கு முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும். தீபாவளியன்று மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால் எந்த மருத்துவரும் அதிகம் செய்ய இயலாது.

இத்தனை ஆண்டு அச்சமின்றி இருந்த நாய் முதுமையில் திடீரென்று சத்தத்திற்கு நடுங்கத் தொடங்கினால், மூட்டு வலி முதலான வேறு நோவு இருக்கிறதா என்று காட்டிவிடுவது நல்லது. திடுக்கிட்டு உடலை முறுக்கும்போதெல்லாம் வலி தாக்கினால், நாய் சத்தத்தையும் வலியையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும்.

சமையலறைப் பக்கமும் கொஞ்சம் கவனம் தேவை. கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சே. விருந்தினர் அன்போடு ஊட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். மறுநாள் நாயை வெளியே விடுவதற்கு முன் முற்றத்தைக் கூட்டி, வெடிக்காத பட்டாசையும் மத்தாப்புக் கம்பியையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பட்டாசு மருந்தில் பேரியம் போன்ற நச்சு உப்புகள் இருக்கும்.

தைப்பூசத்தின்போது ஜார்ஜ் டவுனில் ரதம் வரும் சாலைகளில் குடியிருப்போரின் நிலை தனி. உறுமியும் ஒலிபெருக்கியும் ஒருபுறம், ஆயிரக்கணக்கான தேங்காய்கள் சிதறும் ஓசை மறுபுறம். சாலையில் சிதறிய ஓட்டுத் துண்டுகள் கூட்டி அள்ளப்படும் வரை நாயின் பாதத்தைக் கிழிக்கும். அந்த நாட்களுக்கு ஊருக்கு வெளியேயுள்ள உறவினர் வீட்டில் விடுவதானால், முன்னதாக ஒருமுறை அங்கே ஓரிரவு தங்க வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். புது இடம் என்ற அச்சம் வேறு சேர்ந்தால், அங்கிருந்தும் அது ஓடப் பார்க்கும். கோயில் வளாகங்களை ஒட்டி வாழும் தெருநாய்களுக்கு உறவினர் வீடு இல்லை. மடப்பள்ளிக்குப் பின்னால் ஒதுங்கும் அவற்றை அந்த இரவுகளில் விரட்டாமல் விடும்படி ஆலயப் பொறுப்பாளர்கள் ஊழியர்களுக்குச் சொல்லி வைக்கலாம். நாயின் மீது பட்டாசைக் கொளுத்தி எறிவது பிள்ளை விளையாட்டு என்று சிரிக்கும் பெற்றோர்கள், 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமைக்கு விதிக்கும் தண்டனையை அறிந்திருப்பது நல்லது: 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அடுத்த பண்டிகைக்குள் நாயின் அச்சத்தையே குறைக்க விரும்புவோர் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால் தொடங்க வேண்டும். பட்டாசுச் சத்தத்தின் ஒலிப்பதிவு எளிதில் கிடைக்கும். நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும் அளவுக்கு மிக மெல்லிய ஒலியில் அதை ஐந்து நிமிடம் வைத்து, முன்பு சொன்னபடியே ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒலியைச் சற்றே கூட்டலாம். மூச்சிரைப்போ நடுக்கமோ தெரிந்தால் உடனே பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். அவசரப்பட்டுக் கூட்டிவிட்டால் அதுவரை கிடைத்த பலனும் போய்விடும். பண்டிகைக்காலம் ஏற்கெனவே தொடங்கி, நிசமான வெடி அங்கங்கே கேட்க ஆரம்பித்திருந்தால் இப்பயிற்சியை அந்த ஆண்டுக்குத் தொடங்காதீர்கள். கடைசி வெடி ஓய்ந்து ஒரு வாரம் சென்ற பின், நாய் பழையபடி உண்டு உறங்கத் தொடங்கிய பிறகு, முதல் நாள் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.